பதினைந்து மணி நேரம்

மார்ச் முப்பத்தொன்று.
ஹெலினாவில் பனி இன்னும் கரையவில்லை.
மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இரண்டாம் மாடியில்
ஹீட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
இந்த ஆண்டு பதினைந்து மணி நேரம் படித்தேன் என்று
மொன்டானாவின் வக்கீல்கள் அத்தனை பேரும்
இன்றிரவுக்குள் கையெழுத்திட்டாக வேண்டும்.
அதில் இரண்டு மணி நேரம் நெறிமுறை.

ஊருக்கெல்லாம் வாய்தா வாங்கித் தருகிறவர்கள்
தங்களுக்கும் ஒன்று கேட்டுக்
காலையிலிருந்து அழைக்கிறார்கள்.
"மாடு கன்று போட்டுக்கொண்டிருக்கிறது"
என்கிறார் டேரல் காம்ப்ரட்.
பொய்யில்லை,
பின்னாலிருந்து மாடே சாட்சி சொல்கிறது.
இன்னொருவர்:
"இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்
முழு மணியாக எண்ணுவீர்களா?"
நெறிமுறை வகுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்.

நான் வக்கீல் இல்லை.
சங்கத்து மாத இதழின் கடைசி நான்கு பக்கங்கள் என்னுடையவை.
புதிதாகச் சேர்ந்தவர்கள், அலுவலகம் மாற்றியவர்கள்,
இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள், இறந்தவர்கள்.
எழுத்தின் அளவு எல்லோருக்கும் ஒன்றே.
முதலில் எந்தப் பக்கத்தைப் பிரிக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியும்.
கட்சிக்காரர் பணத்தில் கைவைத்தவனின் பெயரில்
ஓர் எழுத்து பிசகினால்
அன்று மாலைக்குள் பதினொரு அழைப்பு,
அதே பெயருள்ள யோக்கியர்களிடமிருந்து.
இறந்தவரின் பெயரில் பிசகினால்
மூன்று வாரம் கழித்து
மனைவியிடமிருந்து ஒரு கடிதம் வரும்.
தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடங்கும்.

மதியத் தபாலில்
ஆர்வில் ட்வைட்டின் படிவம் வந்தது.
நீல மை. சாய்வில்லாத கையெழுத்து.
ஹார்ன்பெக்கில்
தொண்ணூறு மைலுக்கு ஒரே வக்கீல்.
உயில், வேலித் தகராறு, ஓடைத் தண்ணீர்,
குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டியவன்.
வாதிக்கும் அவரைத் தெரியும், பிரதிவாதிக்கும் தெரியும்.
அதனாலேயே பாதி வழக்கை எடுக்க முடியாமல்
இருவரையும் உட்காரவைத்துக்
காபி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

கடைசிப் பக்கத்தில் அவர் பெயரை
நான் சேர்த்து நான்கு நாளாகிறது.

கூட்டிப் பார்த்தேன்.
பன்னிரண்டு மணி, தண்ணீர் உரிமைச் சட்டம்.
ஒரு மணி, கணினித் திருட்டைத் தடுப்பது.
(அவரிடம் கணினி கிடையாது.)
மிச்சம் இரண்டு, நெறிமுறை:
பில்லிங்ஸ் நகரத்துக்குப் பனியில் ஓட்டிப்போய்
நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்,
'அலுவலகத்தை மூடுவது எப்படி.'

வகுப்பு பயன்பட்டதா என்ற கேள்விக்கு
ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம்.
அவர் கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் எழுதியிருந்தார்:

"பயன்பட்டது. முடியாத கோப்புகள் முப்பத்தெட்டு.
பீரோ சாவி தீவனக் கடை வெர்னா ஸ்டுப்பியிடம்.
ஹாக்கன்சனின் உயிலை முதலில் எடுக்கவும்.
அவர் அவசரத்தில் இருக்கிறார்.
நானும்."

இறந்தவர்களுக்குப் படிப்புக் கணக்கு வேண்டாம்
என்பது விதி.
படிவத்தைக் கிழிக்கும் இயந்திரம்
என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
பதினைந்து என்று பதிந்தேன்.
ஏற்கப்பட்டது என்று பச்சையாக எரிந்தது திரை.
யாரிடம் காட்டுவது?

பிறகு காம்ப்ரட்டை அழைத்தேன்.
கன்று பிறந்துவிட்டதாம், பின்னங்கால் முதலில்.
வாய்தா கிடையாது, தாமதக் கட்டணம் உண்டு என்றேன்.
திட்டினார், மரியாதையாக.
உங்கள் ஊரிலிருந்து ஹார்ன்பெக் எவ்வளவு தூரம் என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
வைக்கோல் சரசரத்தது.
"ஆர்வில் எனக்கு எதிராக ஏழு வழக்கு நின்றார்" என்றார்.
"ஏழிலும் தோற்றேன்."
பிறகு,
"எத்தனை கோப்பு?"

சொன்னேன்.

"இதை நெறிமுறை மணியில் சேர்த்துக்கொள்வீர்களா?"
முடியாது என்றேன்.

அவர் பேனா தேடுகிற சத்தம் கேட்டது.
"சரி, சாவி யாரிடம்?
பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்."